கலிஃபோர்னியாவில் கைதுப் பதிவைக் கவுன்டியில் தேடி எடுத்து, சீல் வைப்பது எப்படி?

கலிஃபோர்னியாவில் ஒருவரைக் கைது செய்து, பிறகு வழக்கே போடாமல் விட்டாலும் அந்தக் கைது பதிவில் நிற்கும். என் மச்சானுக்கு அப்படி ஒன்று இருந்தது. அறைத்தோழருடன் வாய்த்தகராறு, பக்கத்து வீட்டார் 911-ஐ அழைத்துவிட்டார்கள், ஓர் இரவு கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஜெயில். டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது வழக்குப் போடும் அரசு வக்கீல், குற்றச்சாட்டு எதுவும் தாக்கல் செய்யவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் போடும் நேரத்தில் அது மறுபடி தலைதூக்கியது. அவனுக்காக இந்தக் காகித வேலையை முழுக்கக் கூடவே இருந்து முடித்தேன். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. தண்டனை பெற்றவர்களுக்கான வழியும் வேறு. இங்கே சொல்வது கைதாகி, தண்டனை இல்லாமல் முடிந்தவர்களுக்கு மட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள், சீல் வைப்பதற்கு (பதிவை வெளியார் பார்க்காதபடி மூடி வைப்பதற்கு) முன்பே சான்றிட்ட நகல்கள் அனைத்தையும் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதை மூன்றாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: எந்தக் கவுன்டி, எந்த போலீஸ்?

நீங்கள் குடியிருக்கும் கவுன்டி முக்கியமில்லை, கைது நடந்த கவுன்டிதான் கணக்கு. ஃப்ரீமான்ட் அலமீடா கவுன்டியில் இருக்கிறது. சன்னிவேல், சான் ஹோசே, கூப்பர்டினோ எல்லாம் சான்டா கிளாரா கவுன்டி. ஃப்ரீமான்டில் வீடு, சன்னிவேலில் கைது என்றால் எல்லா வேலையும் சான்டா கிளாராவில்தான்.

அடுத்து, கைது செய்தது யார் என்று பாருங்கள். சான் ஹோசேவுக்குச் சொந்த போலீஸ் துறை உண்டு. கூப்பர்டினோவுக்குக் கிடையாது, அங்கே கவுன்டி ஷெரிஃப்தான் காவல். சன்னிவேலில் போலீஸும் தீயணைப்பும் சேர்ந்த பொதுப் பாதுகாப்புத் துறை. ஜெயிலிலிருந்து வெளியே வரும்போது கொடுத்த காகிதத்தில் துறையின் பெயரும் ரிப்போர்ட் எண்ணும் இருக்கும். அதைத் தொலைக்காதீர்கள்.

படி 2: பதிவைத் தேடுதல்

பதிவு ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. கைது செய்த துறையிடம் ரிப்போர்ட்டும் புக்கிங் விவரமும் (ஜெயிலில் சேர்க்கும்போது பதிந்தது) இருக்கும். வழக்குப் போட்டிருந்தால் மட்டும் கவுன்டி சுப்பீரியர் கோர்ட்டில் கோப்பு இருக்கும். மாநில நீதித்துறையிடம், அதாவது டி.ஓ.ஜே-யிடம், விரல்ரேகையோடு இணைந்த வரலாறு இருக்கும். கோர்ட் கவுன்ட்டரில் 'இந்தப் பெயரில் வழக்கு இல்லை' என்று சொன்னால் கைதே பதிவில் இல்லை என்று பொருளல்ல. வழக்குப் போடவில்லை என்பதுதான் பொருள்.

நம்மவர்களுக்குப் பெயர்த் தேடலில் ஒரு பெரிய முட்டுக்கட்டை வரும். கலிஃபோர்னியா கோர்ட்டுகள் தங்கள் இணையத் தேடலில் பிறந்த தேதி, டிரைவர் லைசென்ஸ் எண் கொண்டு ஆளைத் தேட விடக்கூடாது என்று 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மிஞ்சுவது பெயரும் வழக்கு எண்ணும்தான். வழக்கு எண் இல்லாதவருக்குப் பெயர் ஒன்றே வழி. நம் பெயர்களோ அங்கே படாதபாடு படும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகியிருக்கும், லைசென்ஸில் இரண்டும் சேர்ந்து ஒரே பெயராகியிருக்கும், சர்நேம் இல்லாதவருக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு ('முதல் பெயர் தெரியவில்லை') என்று மூன்றெழுத்து விழுந்திருக்கும். புக்கிங் செய்த அதிகாரி எந்த அட்டையைப் பார்த்துத் தட்டினாரோ அதுதான் பதிவு.

ஆகவே ஒரு தாளில் உங்கள் பெயர் எழுதப்படக்கூடிய எல்லா வடிவங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்: சொந்தப் பெயர் முன்னால், அப்பா பெயர் முன்னால், இனிஷியலோடு, இனிஷியல் இல்லாமல், நீளமான பெயர் பாதியில் வெட்டுப்பட்டது, எழுத்துக் கூட்டலில் 'ஹெச்' விடுபட்டது. ஒவ்வொன்றையும் தேடுங்கள். மச்சானின் பெயர் முன்பின்னாக மாறித்தான் கிடந்தது. கிடைத்த வடிவத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், மனுவில் 'இந்தப் பெயராலும் அறியப்படுபவர்' என்று அதையும் சேர்க்க வேண்டும்.

கிரிமினல் வழக்கின் ஆவணங்களை வீட்டிலிருந்தே திறந்து பார்க்க மாநில நீதிமன்ற விதிகள் விடுவதில்லை. இணையத்தில் வழக்கு நடவடிக்கைப் பட்டியலும் தேதிகளும் தெரியும், அவ்வளவுதான். கோப்பைப் பார்க்க கோர்ட்டுக்கே போய் அங்குள்ள கணினியில்தான் பார்க்க வேண்டும். சான்டா கிளாராவில் கிரிமினல் வழக்குகளுக்கு சான் ஹோசே ஹெடிங் தெருவில் இருக்கும் ஹால் ஆஃப் ஜஸ்டிஸ்.

பெயரை நம்பாத தேடல் டி.ஓ.ஜே-யுடையது. லைவ் ஸ்கேன் மையத்துக்குப் போய் விரல்ரேகை கொடுங்கள். பி.சி.ஐ.ஏ 8016 ஆர்.ஆர் என்ற படிவத்தை எடுத்துப் போக வேண்டும். கடைசி இரண்டு எழுத்தும் முக்கியம், 'சொந்தப் பதிவைப் பார்க்க' என்ற வகை அது. வேலைக்கான சாதாரணப் படிவத்தைக் கொடுத்தால் முடிவு உங்களுக்கு வராது. டி.ஓ.ஜே கட்டணம் 25 டாலர், ரேகை எடுக்கும் கடைக்குத் தனிக்கூலி. வருமானம் குறைந்தவர்கள் டி.ஓ.ஜே கட்டணத்துக்கு விலக்குக் கேட்கலாம்.

என் அபிப்பிராயம்: இந்த 25 டாலரை முதலில் செலவழியுங்கள். 'யாருடைய பதிவும் ஒரு நிமிடத்தில்' என்று விளம்பரம் செய்யும் சந்தாத் தளங்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். பழைய தகவலை வைத்துக்கொண்டு மாதாமாதம் அட்டையில் பணம் எடுப்பார்கள்.

படி 3: சீல் வைக்கும் முன் வாங்க வேண்டியவை

மச்சான் விஷயத்தில் நேரம் பிடித்த படி இதுதான்.

மாநிலச் சட்டப்படி, சீல் வைத்த கைது 'நடக்கவே இல்லை' என்று கருதப்படும். தனியார் வேலைக்கு யாராவது கேட்டால் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் குடியேற்றம் மத்திய அரசின் கையில். மாநில சீல் அவர்களைக் கட்டுப்படுத்தாது. கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவமும் குடியுரிமைக்கான என்-400 படிவமும் சீல் வைக்கப்பட்ட கைதையும் சேர்த்துத்தான் கேட்கின்றன. விசா ஸ்டாம்பிங்குக்கு நிரப்பும் டி.எஸ்-160-உம் எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்கிறது. அங்கே 'இல்லை' என்று போட்டுவிட்டால், சின்னத் தகராறு பொய்ச்சொன்ன விவகாரமாக மாறிவிடும். விரல்ரேகை எடுத்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

குற்றச்சாட்டே தாக்கல் ஆகாத கைதுக்கு ஐ-485 கேட்கும் ஆவணம் என்ன தெரியுமா? கைது செய்த துறை கொடுக்கும் அதிகாரபூர்வக் கடிதம், அல்லது குற்றச்சாட்டுத் தாக்கல் ஆகவில்லை என்று உறுதி செய்யும் கோர்ட் உத்தரவு. இதை சீல் வைத்த பிறகு கேட்கப் போனால் கவுன்ட்டரில் இருப்பவர் திரையைப் பார்த்துத் தயங்குவார். முன்பே வாங்கிவிட்டால் அந்தச் சுற்றலே இல்லை.

ஆகவே இவற்றை வாங்குங்கள்: போலீஸ் ரிப்போர்ட் நகல், கைது செய்த துறையின் கடிதம், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகத்திலிருந்து 'வழக்குத் தாக்கல் செய்யப்படவில்லை' என்ற கடிதம். வழக்கு போட்டுத் தள்ளுபடி ஆகியிருந்தால் கோர்ட்டில் குற்றச்சாட்டு, நடவடிக்கைப் பட்டியல், தீர்வு மூன்றுக்கும் சான்றிட்ட நகல். ஓர் ஆவணத்துக்குச் சான்றிட 40 டாலர், அதற்கு மேல் பக்கத்துக்கு 50 சென்ட். விலை அதிகம்தான், ஆனாலும் இரண்டு செட் எடுங்கள். ஒன்று விண்ணப்பத்தோடு போய்விடும், இன்னொன்று கடைசிவரை உங்களுடையது.

கடிதத்தில் கைதான தேதி, ரிப்போர்ட் எண், உங்கள் பெயர் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று கவுன்ட்டரிலேயே நின்று பாருங்கள். பெயர் புக்கிங் வடிவத்தில் இருந்தால், பாஸ்போர்ட் பெயரையும் பக்கத்தில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். மச்சானுக்குப் போட்டுக் கொடுத்தார்கள்.

ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானால், தண்டனை வருவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவைத் தூதரகம் ரத்து செய்வதுண்டு. அந்த நிலையில் இருந்தால் ஊருக்கு டிக்கெட் போடும் முன் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

படி 4: எந்த வழியில் மனு?

தண்டனைச் சட்டம் 851.91-இன்படி சீல் வைக்கக் கேட்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. வழக்குத் தள்ளுபடியாகி மறுபடி போட முடியாத நிலை, விடுதலைத் தீர்ப்பு, மேல்முறையீட்டில் தண்டனை ரத்து ஆகியவற்றுக்கு இது உண்டு. வழக்கே போடவில்லை என்றால், வழக்குப் போடுவதற்கான காலக்கெடு முடிந்திருக்க வேண்டும். மிஸ்டிமீனர் என்னும் சிறு குற்றத்துக்குப் பொதுவாக 1 வருடம், ஃபெலனி என்னும் பெருங்குற்றத்துக்குப் பொதுவாக 3 வருடம், சிலவற்றுக்கு இன்னும் கூடுதல். எந்தப் பிரிவில் கைது என்பதைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்கள், கைதுக்கு நியாயமான காரணமே இல்லை என்றால் 851.8 இருக்கிறது. அதில் குற்றமற்றவர் என்று தீர்மானித்து, பதிவை மூன்று வருடம் சீலில் வைத்து, பிறகு அழித்தே விடுவார்கள். பொதுவாகக் கைதாகி இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும், நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில். ஆதாரம் கெட்டியாக இருந்தால் இதற்கே போங்கள். வாய்ச்சண்டை, தவறான புரிதல் மாதிரியானவற்றுக்கு 851.91 போதும்.

சில டைவர்ஷன் திட்டங்களை (வழக்குக்குப் பதிலாகப் பயிற்சி, ஆலோசனை என்று அனுப்புவது) முடித்தவர்களுக்கு 851.87 என்று தனிப்பிரிவு உண்டு. அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால், மாநிலம் மன்னித்தாலும் குடியேற்றத் துறை அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். இது வக்கீல் பார்க்க வேண்டிய விஷயம்.

படி 5: மனு போடுதல்

படிவம் சி.ஆர்-409. கூடவே நீதிபதி கையெழுத்திடும் உத்தரவுப் படிவம் சி.ஆர்-410-ஐயும் நிரப்பிக் கொடுங்கள். உலாவியில் நிரப்பாமல், இறக்கி வைத்து அடோபி ரீடரில் நிரப்புவதே எனக்குப் பிடிக்கும். சேமித்தது அப்படியே நிற்கும். கைதான தேதி, ஊர், துறை, ரிப்போர்ட் எண், குற்றப்பிரிவு எல்லாம் டி.ஓ.ஜே தாளில் உள்ளபடியே எழுதுங்கள். 'உரிமைப்படி கேட்கிறேன்', 'நீதியின் நலன் கருதிக் கேட்கிறேன்' என்று இரண்டு வகை இருக்கும். பெரும்பாலோருக்கு முதல் வகை. குடும்ப வன்முறை, குழந்தை அல்லது முதியோர் துன்புறுத்தல் சம்பந்தப்பட்ட கைது, அதோடு முன்பும் அப்படித் தொடர்ச்சியாக இருந்திருந்தால் இரண்டாவது வகை. நன்னடத்தைக்கான சான்றுகளோடு நீதிபதியை இசைய வைக்க வேண்டும்.

மனுவின் நகலை டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிக்கும் கைது செய்த துறைக்கும், விசாரணை நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாகச் சார்பு செய்ய (முறைப்படி சேர்ப்பிக்க) வேண்டும். அதை நீங்களே செய்யக்கூடாது. 18 வயது நிரம்பிய வேறொருவர் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றில் கையெழுத்திட வேண்டும். மச்சானுக்காக நான்தான் தபால் நிலையத்துக்குப் போனேன். கோர்ட்டின் சுய உதவி மையத்தில் படிவங்களை ஒருமுறை காட்டிவிடுங்கள். பல கவுன்டிகளில் பப்ளிக் டிஃபெண்டர் (வசதியில்லாதவர்களுக்கு வாதாடும் அரசு வக்கீல்) அலுவலகமும் இதில் உதவுகிறது.

படி 6: உத்தரவு வந்த பிறகு

சி.ஆர்-410-க்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். கோர்ட் 30 நாளுக்குள் டி.ஓ.ஜே-க்குத் தெரிவிக்கும். போலீஸ் ரிப்போர்ட் அழியாது. 'கைது சீல் வைக்கப்பட்டது, குற்ற நீதித்துறைக்கு வெளியே தரக்கூடாது' என்ற முத்திரை அதன்மேல் விழும். சில மாதம் கழித்து மறுபடி லைவ் ஸ்கேன் கொடுத்துப் பாருங்கள்.

சீல் வைத்தாலும் சொல்ல வேண்டிய இடங்கள் மாநிலத்திலும் சில உண்டு: அரசுப் பதவி, போலீஸ் வேலை, மாநில உரிமங்கள். நர்சிங் லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

தனியார் பின்னணி ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையில் இன்னும் கைது தெரிந்தால், உத்தரவின் நகலை வைத்து எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். மத்தியச் சட்டப்படி பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஜெயில் புகைப்படத்தைப் போட்டுவிட்டு, 'எடுக்கப் பணம் கொடு' என்று கேட்கும் தளங்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2015 முதல் அப்படிப் பணம் கேட்பதே சட்டவிரோதம். கொடுக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

'2022-இலிருந்து தானாகவே நீக்குகிறார்களாமே, மனு எதற்கு?' என்று பலர் கேட்டார்கள். ஆம், 851.93-இன்படி 1973 ஜனவரி 1 முதலான தகுதியுள்ள கைதுகளை டி.ஓ.ஜே தானாகவே அலசி நிவாரணம் தருகிறது. ஆனால் துறைகளிலிருந்து தகவல் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தால்தான் அது நடக்கும். உங்கள் கையில் நீதிபதியின் உத்தரவும் இருக்காது. முதலில் லைவ் ஸ்கேன் செய்து பாருங்கள், நிவாரணம் ஏறியிருந்தாலும் மனு போடலாம். நான் போடத்தான் சொல்வேன்.

சென்னைக்குத் திரும்பிவிட்ட ஒருவர், இங்கிருந்தே பதிவை எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். முடியும். லைவ் ஸ்கேன் கலிஃபோர்னியாவுக்குள் மட்டும்தான். வெளியே இருப்பவர்கள் மை தடவிய விரல்ரேகை அட்டையைத் தபாலில் டி.ஓ.ஜே-க்கு அனுப்பலாம். எஃப்.பி.ஐ-யிடம் உள்ள பதிவுக்கும் அதேபோல அட்டை அனுப்பலாம், கட்டணம் 18 டாலர். ரேகை தெளிவாக விழாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் இரண்டு மூன்று அட்டைகளில் எடுத்து, நன்றாக விழுந்ததை அனுப்புங்கள்.

டெக்சாஸில் இருப்பவர்கள் இந்தப் படிவ எண்களைப் பின்பற்ற வேண்டாம். அங்கே எக்ஸ்பங்ஷன் என்று தனி மனு, பெரும்பாலும் கவுன்டியின் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் போடுவது, காத்திருப்புக் காலமும் வேறு. மூன்றாம் படியில் சொன்ன நகல்களை மட்டும் அங்கேயும் மனுவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். டெக்சாஸ் உத்தரவு பதிவுகளை அழித்தே விடும், பிறகு யாரிடம் போய்க் கேட்பது?