பேட்டரியில் இருப்பதும் பெட்ரோல்தான்: ஹைப்ரிட் எஸ்யூவியில் மைலேஜைக் குறைக்கும் பழக்கங்கள்

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு, தனியாகவே வண்டியை இழுக்கக்கூடிய மின்மோட்டாரும் உள்ள) எஸ்யூவி எடுத்தவர்களிடம் முதல் இரண்டு மாதத்தில் ஒரே புலம்பல்தான். "27.97 கொடுக்கும்னாங்க, 19தான் வருது." ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் வண்டிகள் 2022இல் வந்தபோது அறிவிக்கப்பட்ட எண் அது. பொய்யான எண் இல்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, ஏசி போடாமல், சுமார் 20 நிமிடம் ஓட்டி எடுக்கும் அளவு. அந்தச் சோதனையின் உச்சவேகமே 90தான். கத்திரி வெயிலில் ஏசியை முழுவேகத்தில் வைத்துக்கொண்டு, நான்கு பேரும் பெட்டிகளுமாக, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் திண்டிவனம் சாலையில் 110இல் போகும் வண்டிக்கு அந்த எண் எப்படிப் பொருந்தும்? இ20இல் மட்டுமே கொஞ்சம் போய்விடுகிறது. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிடும்போது 6, 7 சதவீத இழப்பு. 23 கொடுக்க வேண்டிய வண்டியில் ஒன்றரை கிலோமீட்டர் அங்கேயே போச்சு.

இதெல்லாம் நம் கையில் இல்லை. மீதி இழப்பு ஓட்டும் பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கங்கள் பெரும்பாலும் ஒரே மறதியிலிருந்து வருகின்றன: இந்த வண்டிக்குச் சார்ஜ் போட பிளக் கிடையாது. பேட்டரியில் இருக்கும் மின்சாரம் ஒவ்வொரு யூனிட்டும் ஒருகாலத்தில் டேங்கில் பெட்ரோலாக இருந்ததுதான்.

(ஒரு விஷயத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். "ஸ்மார்ட் ஹைப்ரிட்", "மைல்டு ஹைப்ரிட்" என்று விற்கும் வண்டிகளில் மோட்டார் இன்ஜினுக்குக் கை கொடுக்குமே தவிர, தனியாக வண்டியை இழுக்காது. கீழே சொல்வதில் பாதி அவற்றுக்குப் பொருந்தாது.)

இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்குப் பயப்படுவது

சிக்னல் பச்சை விழுகிறது. ஆக்சிலேட்டரைப் பட்டும் படாமலும் மிதித்து, பின்னால் ஹார்ன் அடிப்பவர்களையும் பொருட்படுத்தாமல், மின்சாரத்தில் மட்டும் ஓடுவதைக் காட்டும் பச்சை நிற "இவி" விளக்கு அணையாமல் 200 மீட்டர் ஊர்ந்து போவார்கள். பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பு. நடப்பது நேர்மாறு.

இந்த ரக வண்டியின் பேட்டரி 0.76 கிலோவாட் மணி. அதிலும் பேட்டரி கெடாமல் இருக்க நடுப்பகுதியை மட்டுமே கணினி பயன்படுத்தும். நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.3 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி). நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கிளப்புவதுதான் அதிக மின்சாரம் தின்னும் வேலை. நான்கு சிக்னலில் அப்படிக் கிளப்பினால் திரையில் காட்டும் பேட்டரி அளவு இரண்டு கட்டத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் நீங்கள் மரப்பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜின் தானாக எழுந்து உறுமும். அது சார்ஜ் ஏற்றுவதற்காக. இன்ஜினிலிருந்து ஜெனரேட்டர், அங்கிருந்து பேட்டரி, பேட்டரியிலிருந்து மோட்டார் என்று சுற்றி வரும் மின்சாரத்தில் இருபது முப்பது சதவீதம் வழியிலேயே வெப்பமாகப் போய்விடும். நேராகச் சக்கரத்துக்குப் போயிருக்க வேண்டிய பெட்ரோல்.

அட்கின்சன் என்ற சிக்கன முறையில் ஓடும் இந்த இன்ஜின்கள் மிதமான சுமையில்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் கிளம்பும்போது இன்ஜினை வேலை செய்ய விடுங்கள். டாஷ்போர்டில் இருக்கும் பவர் மீட்டரின் முள் ஈகோ பகுதியின் மேல்பாதியில் நிற்கட்டும், பவர் பகுதிக்குள் போக வேண்டாம். எட்டு முதல் பத்து நொடியில் 50ஐத் தொடுங்கள். தொட்டதும் காலை முழுசாக எடுங்கள், இன்ஜின் நிற்கும். பிறகு மெதுவாக, வேகம் இறங்காத அளவுக்கு மட்டும் மிதியுங்கள். இப்போதுதான் இவி விளக்கு எரிய வேண்டும். சமவேகத்தில் உருட்டிச் செல்ல மோட்டாருக்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும், பேட்டரிக்கும் அது தாங்கும். வேகம் 40க்கு இறங்கினால் மறுபடி ஒரு மிதி. கடலும் ஊரும் ஒரே மட்டத்தில் இருக்கும் பாண்டியில் இந்த முறை அழகாக வேலை செய்யும்.

வண்டியை மின்சாரத்திலேயே ஓட வைக்கும் இவி பொத்தானுக்கும் இதே கணக்குதான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லாஸ்பேட்டை சந்துக்குள் சத்தமில்லாமல் நுழைய அது நல்ல வசதி. மைலேஜுக்காக அதை அழுத்துவது இடக்கையிலிருந்து வலக்கைக்குக் காசு மாற்றி, நடுவில் கமிஷன் கொடுப்பது.

சிக்னலில் நியூட்ரல்

கியர் வண்டி ஓட்டிப் பழகிய கை. ராஜீவ் காந்தி சிக்னலில் சிவப்பு விழுந்ததும் லீவர் தானாக "என்"னுக்குப் போகும். ஹைப்ரிட்டில் இது நேரடித் தவறு. நியூட்ரலில் இருக்கும்போது இன்ஜினே ஓடினாலும் பேட்டரி சார்ஜ் ஆகாது. ஏசி, விளக்கு, மியூசிக் எல்லாம் பேட்டரியை இறக்கிக்கொண்டே இருக்கும். சிக்னலில் "டி"யிலேயே வைத்து பிரேக்கை மிதியுங்கள், அல்லது பிரேக்கைத் தானே பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டு போடுங்கள். நீண்ட நேரம் என்றால் "பி", அதாவது பார்க்கிங்.

ஓடும்போது நியூட்ரலில் உருட்டுவது இன்னும் மோசம். பாலத்திலிருந்து இறங்கும்போது பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டிய ஆற்றலை அங்கேயே வாசலில் நிறுத்திவிடுகிறீர்கள்.

லீவரில் கீழே இருக்கும் இன்னொரு "பி" எழுத்து பிரேக்கிங்குக்கு. அதைப் போட்டால் நிறைய சார்ஜ் ஏறும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நிலையில் வண்டி இன்ஜினைக் காற்றடிக்கும் பம்பு மாதிரி சுற்றவிட்டு வேகத்தைக் குறைக்கிறது. பேட்டரிக்குப் போயிருக்கக்கூடிய ஆற்றலில் ஒரு பகுதி அதிலேயே கரையும். ஏற்காட்டிலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ இறங்கும்போது பேட்டரி நிறைந்துவிட்டால், பிரேக் சூடாகாமல் இருக்க அது தேவை. சமவெளியில் தேவையே இல்லை.

கடைசி நொடி பிரேக்

மைலேஜில் அதிகம் பறிபோவது இங்கேதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள வண்டி 60இல் போகிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 195 கிலோஜூல். பத்து நொடியில் நிறுத்தினால் சராசரியாக நொடிக்கு 19.5 கிலோஜூல், அதாவது 19.5 கிலோவாட். அந்தச் சின்ன பேட்டரி இதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். அதே வண்டியை மூன்று நொடியில் நிறுத்தினால் 65 கிலோவாட். அதைப் பேட்டரி வாங்காது. மீதி முழுவதும் டிஸ்க்கில் தேய்ந்து சூடாகப் போகும்.

காலாப்பட்டு பக்கம் ஈசிஆரில் போலீஸ் பேரிகேட் 150 மீட்டர் தள்ளித் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தெரிந்த உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். மீட்டர் முள் சார்ஜ் பகுதிக்கு லேசாக இறங்கும். பிறகு பிரேக்கில் கால் வைத்து, முள் சார்ஜ் பகுதியின் அடிவரை போய் முட்டாதபடி சீராக அழுத்துங்கள். முள் அடியில் முட்டி நிற்கிறது என்றால் அதற்கு மேல் அழுத்துவது பெரும்பாலும் பிரேக் பேடுக்குத்தான். கடைசிப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் எப்படியும் பேடுதான் பிடிக்கும், அதை விட்டுவிடுங்கள். குறுக்கே ஆடோ ஆளோ வந்தால் இந்தக் கணக்கெல்லாம் மறந்து முழுசாக மிதிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நிறுத்தி வைத்து ஏசி

ஜிப்மர் வாசலில் நோயாளியை இறக்கிவிட்டு, உள்ளே போனவர்கள் வரும்வரை ஏசி போட்டுத் தூங்குவது. இன்ஜின் சத்தம் இல்லாததால் செலவில்லை என்று தோன்றும். இவற்றில் ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவது, ஒரு கிலோவாட் வரை இழுக்கும். கையில் இருக்கும் 0.3 யூனிட் கால் மணி நேரத்துக்குத்தான். பிறகு இன்ஜின் எழும், சார்ஜ் ஏற்றும், நிற்கும், மறுபடி எழும். ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் வரை போகலாம். பத்து கிலோமீட்டருக்கான பெட்ரோல் ஓட்டாமலே போகிறது.

அதற்காக ஏசியே போடாமல் வேர்த்துக்கொண்டு ஓட்டவும் வேண்டாம். பல மாடல்களில் பெரிய பேட்டரி குளிர்வது காருக்குள் இருக்கும் காற்றால்தான். பேட்டரி சூடானால் சார்ஜ் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். வெயிலில் நின்ற வண்டி என்றால் நான்கு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி, சூட்டை வெளியேற்றிவிட்டு, 24 அல்லது 25இல் வைத்து, உட்காற்றையே சுழல விடுங்கள். 18இல் வைத்தால் சீக்கிரம் குளிராது, கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், அவ்வளவுதான்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, பின்சீட் பக்கம் இருக்கும் பேட்டரியின் காற்றுத் துளை. எந்த இடம் என்று உங்கள் கையேட்டில் படம் இருக்கும். பீச்சுக்குப் போய்வந்த துண்டு, பை, மணல், நாய் முடி எல்லாம் அந்தத் துளையின் வலையை அடைக்கும். மாதம் ஒருமுறை வாக்யூம் பிடியுங்கள்.

நான்குவழிச் சாலை வேகம்

டவுனில் 24 கொடுத்த வண்டி ஹைவேயில் 18க்கு இறங்கினால் வண்டியில் கோளாறு என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போகாதீர்கள். டீசல் வண்டியிலிருந்து மாறியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஹைப்ரிட் சம்பாதிப்பது நின்று நின்று போகும் இடத்தில். நிற்காமல் ஓடும் சாலையில் திரும்பப் பிடிக்க ஆற்றலே இல்லை, அங்கே அது வெறும் பெட்ரோல் வண்டி.

80இலிருந்து 100க்குப் போனால் காற்றுத் தடை 56 சதவீதம் கூடும். அதைத் தள்ளத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய இரு மடங்கு. உயரமான எஸ்யூவிக்கு இது இன்னும் உறைக்கும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால், 80க்கும் 100க்கும் வித்தியாசம் ஆறு நிமிடம். மேலே காலி கேரியர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள்.

எல்லை தாண்டிப் போய் பெட்ரோல் போடுவது

புதுச்சேரியில் வரி குறைவு, பெட்ரோல் விலையும் குறைவு. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கம் பெட்ரோல் போடவே கிளம்பிப் போகிறவர்கள் உண்டு. லிட்டருக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம், 35 லிட்டர் போடுகிறீர்கள் என்று வைப்போம். மிச்சம் 175 ரூபாய். போகவர 20 கிலோமீட்டர், மைலேஜ் 20 என்றால் ஒரு லிட்டர், அதாவது சுமார் 100 ரூபாய் போச்சு. அதே ஆள் 15 லிட்டர் போட்டுவிட்டு வந்தால் நஷ்டம். பாண்டிக்கு வேறு வேலையாகப் போகும் நாளில் நிரப்புவது வேறு கதை.

மைலேஜ் கணக்குத் தப்புவதும் பங்க்கில்தான். "ரவுண்ட் பண்ணிடட்டுமா சார்?" என்று கேட்பார்கள். தானாக நின்ற பிறகு எத்தனை சொட்டு சேர்க்கிறார்கள் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். ஒரு லிட்டர் பிசகினாலே 20 லிட்டர் நிரப்பும்போது கணக்கு 5 சதவீதம் தப்பும். முதல் கட்-ஆஃபோடு நிறுத்தச் சொல்லுங்கள், முடிந்தவரை ஒரே பங்க், ஒரே பம்பு. மூன்று முறை நிரப்பிய லிட்டரைக் கூட்டி, ஓடிய கிலோமீட்டரை அதால் வகுங்கள். திரையில் தெரியும் எண்ணை அதோடு ஒப்பிட்டால், உங்கள் வண்டி எவ்வளவு பெருமை பேசுகிறது என்று தெரிந்துவிடும்.

சின்னச் சின்ன ஓட்டமும் கணக்கைக் கெடுக்கும். குளிர்ந்த இன்ஜின் பேட்டரி நிறைந்திருந்தாலும் முதலில் சிறிது நேரம் ஓடியே தீரும், சைலன்ஸரில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் சூடாக வேண்டும். காலையில் பள்ளிக்கு ஒன்றரை கிலோமீட்டர், திரும்ப வந்து, பத்து மணிக்குக் காய்கறிக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்றால் இரண்டு முறையும் அந்தச் செலவு. ஒரே சுற்றில் முடித்தால் ஒருமுறை.

டயர், ஆயில், பிரேக்

காற்றழுத்தம் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது. பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டுப் பார்த்தால் கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடுவார்கள். தோற்றத்துக்காக அகலமான டயரும் கனமான அலாயும் மாட்டினால் அதன் விலை ஒவ்வொரு லிட்டரிலும் வரும். ஆயிலில், பல ஹைப்ரிட் இன்ஜின்கள் 0டபிள்யூ-16 போன்ற மிக மெல்லிய ரகத்தைக் கேட்கும். வெளியே சர்வீஸ் விட்டு 5டபிள்யூ-30 ஊற்றிக்கொண்டு வந்தால் மைலேஜ் குறையும்.

கடலோரத்தில் தனியாக ஒரு தொல்லை உண்டு. ஹைப்ரிட்டில் பிரேக் பேடு அதிகம் உழைப்பதில்லை, உப்புக்காற்றில் டிஸ்க் சீக்கிரம் துருப்பிடிக்கும், பேடை அழுத்தும் காலிப்பரின் பின்கள் உப்புப் பூத்து இறுகும். பிரேக் விட்ட பிறகும் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். குடும்பத்தோடு பிரான்ஸ் போய் இரண்டு மாதம் வண்டியை ஷெட்டில் விட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். வாரத்தில் ஒருநாள், பின்னால் யாரும் இல்லாத சாலையில் 50இலிருந்து நாலைந்து முறை சற்று அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் துரு உரிந்துவிடும். சர்வீஸில் காலிப்பர் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், சொல்லாவிட்டால் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். சந்தேகமாக இருந்தால், 20 கிலோமீட்டர் சீராக ஓட்டி, அதிகம் பிரேக் பிடிக்காமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அதன் ஜோடிச் சக்கரத்தைவிட அனலாக அடித்தால் அங்கே பேடு ஒட்டியிருக்கிறது.