அலிபியில் பாடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், நார்த் இன்டர்ஸ்டேட் அவென்யூவில், பழைய நியான் பலகையோடு நிற்கிறது 'அலிபி' என்னும் டிக்கி மதுக்கூடம், அதாவது பசிபிக் தீவுகளின் பாணியில் அலங்கரித்த மதுக்கூடம். (நம் கார் டிக்கிக்கும் இதற்கும் உறவில்லை, மாவோரி மரபில் டிக்கி முதல் மனிதனின் பெயர்.) இரவானால் அங்கே கரோக்கி: ஒலிக்கும் இசைக்கு வந்தவர்களே மேடையேறிப் பாடுவது. முதல் முறை போகிறவர்கள் பலர் மேடை ஏறும் முன்பே, கோப்பையிலேயே தோற்றுவிடுகிறார்கள்.

டிக்கி பானங்களில் எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் ரம்மின் காரத்தை மறைத்துவிடும். பழச்சாறு போல இறங்கி, பிறகு மெல்ல வேலையைக் காட்டும். 1930களில் ஹாலிவுட்டில் இந்தப் பாணியைத் தொடங்கிவைத்த டான் தி பீச்காம்பர், தன் 'ஜாம்பி' பானத்தை ஒருவருக்கு இரண்டுக்கு மேல் தருவதில்லை என்று விதியே வைத்திருந்தார். பாடி முடிக்கும் வரை தண்ணீர் போதும்.

அடுத்தது பாட்டுத் தேர்வு. குளியலறையில் நாம் பல்லவியை மட்டுமே திரும்பத் திரும்பப் பாடியிருப்போம். மேடையில் சரணம் வந்ததும் சுருதி எட்டாமல் நிற்போம், நானும் நின்றிருக்கிறேன். 'கரோக்கி' என்ற ஜப்பானியச் சொல்லுக்கே வெற்று இசைக்குழு என்றுதான் பொருள். கைபிடித்து அழைத்துப்போக அங்கே இன்னொரு குரல் இருக்காது. ஆகவே முழுப் பாட்டையும் ஒருமுறை வீட்டில் பாடிப் பாருங்கள். சுருதியைக் குறைக்க முடியுமா என்று நடத்துபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீண்ட இடையிசை உள்ள பாட்டைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு நிமிடம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது கொடுமை.

மைக்கின் தலையைப் பொத்திப் பிடிக்காதீர்கள், அதோடு ஸ்பீக்கர் முன்னால் போகாதீர்கள்; ஊளையிடும்.

"என் முறை எப்போது?" என்று நடத்துபவரை நச்சரிப்பதும் தவறு. அவருக்கு ஓரிரு டாலர் டிப்ஸ் தருவது அங்கே வழக்கம்தான். அதை வரிசையைத் தாண்டுவதற்கான லஞ்சமாக நினைத்துவிடாதீர்கள்.

'மை தாய்' என்னும் டிக்கி பானத்தை ஹவாய்த் தீவின் தொன்மை என்று பக்கத்து மேசைக்கு விளக்கவும் வேண்டாம். 1944இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் அதை உருவாக்கியதாக உரிமை கொண்டாடியவர் உணவக உரிமையாளர் 'ட்ரேடர் விக்' பெர்கெரோன்.

இன்னொன்று: அமெரிக்காவில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்பதில்லை. நரைத்த தலையைக் காட்டினாலும் அடையாள அட்டை கேட்கலாம். பாஸ்போர்ட்டை விடுதி அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.