நரம்பு மின்முனை: செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

தஞ்சாவூர், திருச்சி பக்கம் பொறியியல் படிக்கும் யாராவது, நரம்பிலோ மூளையிலோ பல ஆண்டுகள் தங்கி, அதன் மின்குறிப்புகளைப் படிக்கவோ அதைத் தூண்டவோ உதவும் வளையும் மின்முனை செய்யப்போவதாகச் சொன்னால், நான் முதலில் கேட்பது "தண்ணீர் எந்த வழியாகப் புகும்?" என்றுதான். பெரும்பாலும் பதில் வராது. மென்மையான பொருள் எது என்ற தேடலிலேயே நேரமெல்லாம் போயிருக்கும்.

மென்மை தேவைதான். மின்னணுச் சில்லு செய்யும் சிலிக்கானின் விறைப்பு நூறு கிகாபாஸ்கலுக்கு மேல். மூளைத் திசுவுக்கோ சில கிலோபாஸ்கல், கோடி மடங்குக்கு மேல் வித்தியாசம். மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் அசையும் திசுவில் அப்படி ஒரு ஊசி உரசிக்கொண்டே இருந்தால், உடல் அதைச் சுற்றித் தழும்பு கட்டிவிடும். ஆனால் வளைவதற்குப் பொருளைவிடத் தடிமன் முக்கியம். தடிமன் இரண்டு மடங்கானால் வளைவதற்கான எதிர்ப்பு எட்டு மடங்காகும். சிலிக்கோன் ரப்பர் தொட்டால் மெத்தென்று இருக்கும். அதையே அரை மில்லிமீட்டர் தடிமனில் வார்த்தால், 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) தடிமனுள்ள பாலிமைடு என்ற பிளாஸ்டிக் படலம் அதைவிடச் சுலபமாக வளையும்.

வளைந்தால் மட்டும் போதுமா? 2024இல் மூளைக்கருவி செய்யும் நியூராலிங்க் நிறுவனம் முதல் மனிதருக்குப் பொருத்திய மெல்லிய இழைகளில் பல, சில வாரங்களில் மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன. இடத்தில் பிடித்து நிற்பது தனிச் சிக்கல்.

சரி, தண்ணீருக்கு வருவோம். சிலிக்கோன் நீராவியைத் தடுக்காது, தாராளமாக உள்ளே விடும். அப்படியும் அது பல்லாண்டு தாங்குவதற்குக் காரணம் ஒட்டுதல். உலோகத்தோடு இடைவெளியின்றி ஒட்டியிருந்தால் ஆவி நீராகச் சேர இடமே கிடைக்காது. ஒரு தூசி, ஒரு விரல்ரேகை எண்ணெய் போதும்: அங்கே நீர் கோர்க்கும், உப்பு கரையும், இன்னும் நீரை இழுக்கும், படலம் உரியும். நம் வயல் வரப்பில் நண்டு வளை செய்கிற வேலைதான். பேரிலீன் என்ற பிளாஸ்டிக் காப்பைப் பூசுபவர்களும், அது ஒட்டுவதற்கு அடியில் போடும் சிலேன் பூச்சைத் தவிர்த்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாலிமைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அடுத்த பூச்சுக்கு முன் சூடாக்கி உலர்த்தியே ஆக வேண்டும். நன்றாக ஒட்டுவதற்காகப் பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) காட்டிய சிலிக்கோனை நாளைக்கு ஒட்டலாம் என்று வைப்பதும் வீண், சில மணி நேரத்தில் அந்தப் பரப்பு பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கிவிடும்.

சோதனையிலும் ஏமாறுகிறோம். ஒரு வாரம் உப்புக்கரைசலில் போட்டு, "நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடுவது எதையும் நிரூபிக்காது. 10 டிகிரி கூடினால் பொருள் முதிர்ந்து கெடுவது இரண்டு மடங்கு வேகம் என்பது தோராயக் கணக்கு. அதன்படி 67 டிகிரியில் ஒரு மாதம், உடல் சூட்டில் எட்டு மாதம். அவசரப்பட்டு இன்னும் சூட்டை ஏற்றினால் உடலில் நடக்கவே நடக்காத சேதங்கள் வந்து குழப்பும். மின்னழுத்தம் கொடுக்காமல், வளைக்காமல் ஊறவைப்பதும் அரைச் சோதனைதான். நோயெதிர்ப்புச் செல்கள் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சுரக்கும். அதைக் கரைசலில் சேர்த்தும் பார்க்க வேண்டும். அப்புறம், கரண்ட் போய்த் தொட்டி ஆறிய நேரத்தைக் கணக்கில் கழியுங்கள்.

1 கிலோஹெர்ட்சில் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு மின்முனை காட்டும் எதிர்ப்பு) குறைவு என்பதை மட்டும் நம்பி, நரம்பை மின்சாரத்தால் தூண்டும் வேலைக்கு இறங்கக் கூடாது. பிளாட்டினத்தில் சுமார் -0.6 முதல் +0.8 வோல்ட் வரைதான் பாதுகாப்பு. தாண்டினால் நீர் பிரிந்து வாயு வரும், திசு கெடும். நேர்த்துடிப்பின் மின்னூட்டமும் எதிர்த்துடிப்பின் மின்னூட்டமும் சமமாக இருக்க வேண்டும்.

மூலப்பொருளின் சான்றிதழைக் காட்டி "உடலுக்கு ஒத்துக்கொள்ளும்" என்பது எனக்கு எரிச்சல் தரும் வாதம். மருத்துவக் கருவி உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மதிப்பிடும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10993 பார்ப்பது கிருமிநீக்கம் வரை முடிந்த கருவியை. மிச்சமிருக்கும் கரைப்பான், கிருமிநீக்கும் வாயுவான எத்திலீன் ஆக்சைடு எல்லாம் அதில் அடக்கம்.

நரம்பைச் சுற்றும் வளையத்தை இறுக்கமாகப் போடாதீர்கள். அறுவைக்குப் பின் நரம்பு வீங்கும், இறுக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும். மெல்லிய படலம் கெட்டியான கம்பியோடு சேரும் முனையைக் கடைசி நேரத்தில் பசை வைத்து முடிப்பவர்கள் அதிகம். அறுவது பெரும்பாலும் அங்கேதான். வரைபடத்தில் முதலில் அந்த இணைப்பை வரைந்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.