நூற்பாலையில் தூக்கக் கலக்கத்தை அளப்பது எப்படி: முதல் உளவியல் ஆய்வுக்கு ஒரு செய்முறை

முதுகலை உளவியலின் இறுதி ஆண்டில், பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் முழு நைட் வேலை பார்ப்பவர்களுக்கும் பகல் ஷிப்டுக்காரர்களுக்கும் தூக்கக் கலக்கத்தில் வேறுபாடு உண்டா என்று ஆய்வு செய்தேன். ஐந்து மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, 'வாய்ப்பு' என்ற ஒரே சொல்லால் எட்டு மாதம் இழுத்தது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் இப்போது ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக, படிப்படியாக எழுதுகிறேன். சராசரி, திட்ட விலக்கம் போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கேள்வியை அளக்கும்படி மாற்றுங்கள்

"இரவு வேலை மனதைப் பாதிக்கிறதா?" என்பதுதான் என் முதல் கேள்வி. வழிகாட்டி அதைப் படித்துவிட்டு, "மனதை எந்தத் தராசில் வைப்பாய்?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். உளவியலில் மனதை நேரடியாகப் பார்க்க வழியில்லை. ஆள் தன்னைப் பற்றிச் சொல்வதையும் ஆள் செய்வதையும் அளந்து, அவற்றிலிருந்து ஊகிக்கிறோம். அதனால் கேள்வியை இரண்டாகப் பிரித்தேன். முழு நைட்டில் இருப்பவர்கள் தமக்குத் தூக்கக் கலக்கம் அதிகம் என்று சொல்கிறார்களா? அவர்களது கவனம் உண்மையிலேயே அடிக்கடி தவறுகிறதா?

படி 2: எத்தனை பேர்

'ஜி பவர்' என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். நடுத்தர அளவு வேறுபாட்டை (திட்ட விலக்கத்தில் பாதி, அதாவது 0.5) நூற்றுக்கு எண்பது முறை கண்டுபிடிக்க, குழுவுக்கு 64 பேராக மொத்தம் 128 பேர் வேண்டும். முப்பது பேர் போதும் என்று சீனியர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஷிப்டு வாராவாரம் மாறும் மில் என்றால், அதே ஆளை இரண்டு வாரங்களிலும் அளக்கலாம். அப்போது 34 பேரே போதும். ஆனால் அங்கே நான் பயன்படுத்திய, பகல்நேரத் தூக்கக் கலக்கத்தை அளக்கும் எப்வொர்த் வினாத்தாள் அளவுகோல் ஒத்துவராது, ஏனெனில் அது அண்மைக் காலத்துப் பொதுவான நிலையைக் கேட்கிறது. அந்த நேரத்துக் கலக்கத்தைக் கேட்கும், ஒன்பது புள்ளிகள் கொண்ட கரோலின்ஸ்கா அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வினாத்தாளைத் தமிழாக்குதல்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எப்வொர்த் அளவுகோலை 1991இல் மர்ரே ஜான்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் வெளியிட்டார். படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, காரில் போகும்போது என எட்டுச் சூழல்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கண் அசந்துபோகக்கூடுமா என்று கேட்டு, 0 முதல் 3 வரை மதிப்பெண் தரச் சொல்கிறது. மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் கலக்கம் மிகுதி என்று கொள்வது வழக்கம்.

நான் அதை "தூங்குவதற்கான வாய்ப்பு" என்று மொழிபெயர்த்தேன். பாடநூல் சொன்னபடி, மூலத்தைப் பார்த்திராத ஒருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றியும் பார்த்தேன். 1970இல் பிரிஸ்லின் விளக்கிய இந்த மறுபெயர்ப்பு முறை இன்றும் பல ஆய்வேடுகளில் இருக்கும். என் தாள் அச்சு அசலாக மூலத்தோடு ஒத்துப்போனது. மகிழ்ந்துபோய் நூறு நகல்கள் எடுத்துவிட்டேன்.

முதல் நாள், பகல் ஷிப்டில் ஸ்பின்னிங் பிரிவைச் சேர்ந்த ஓர் அக்கா எட்டுக் கேள்விக்கும் பூச்சியம் போட்டுக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக் கேள்வியைக் காட்டி ஏன் என்று கேட்டேன். "சாப்பிட்ட கையோட மிசினுக்குப் போயிருவோம். அப்புறம் எங்க அம்மிணி தூங்கறதுக்கு வாய்ப்பு? மேஸ்திரி கண்டா சும்மா உடுவாரா?" என்றார். கார்க் கேள்விக்கு அவர் சிரிக்கவே செய்தார். அடுத்தவர் முழு நைட் முடித்து வந்த அண்ணன். ஐந்தாம் கேள்வியில் அவர் பேனா ஒரு கோடு இழுத்துக்கொண்டே தாளின் விளிம்புவரை சரிந்தது, தலை தொங்கிவிட்டது. எழுப்பியபின் மீதியை நிரப்பிக் கொடுத்தார். கூட்டிப் பார்த்தால் இரண்டு.

அப்போதுதான் விளங்கியது. நான் 'நிகழக்கூடுமா' என்ற பொருளில் எழுதிய வாய்ப்பை, அவர்கள் 'இடம் கிடைக்குமா' என்ற பொருளில் படித்திருக்கிறார்கள். தமிழில் இரண்டு பொருளும் உண்டு. மறுபெயர்ப்பில் இது அகப்படாததற்குக் காரணமும் அதுவே: மொழி தெரிந்தவர் சரியான பொருளைத் தாமே ஊகித்து மொழிபெயர்த்துவிடுகிறார். ஆக, நான் அளந்தது தூக்கக் கலக்கத்தை அன்று, மேஸ்திரியின் கண்காணிப்பை.

சொல் ஒன்று விடையை மாற்றும் என்பது புதிதல்ல. 1974இல் லாஃப்டஸ், பாமர் என்ற உளவியலாளர்கள் கார் விபத்துத் திரைப்படத் துண்டுகளைக் காட்டி வேகத்தைக் கேட்டபோது, 'மோதி நொறுங்கின' என்று கேட்கப்பட்டவர்களிடமிருந்து சராசரி மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றும், 'தொட்டுக்கொண்டன' என்று கேட்கப்பட்டவர்களிடமிருந்து ஏறத்தாழ 32 மைல் என்றும் விடை வந்தது. இதைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவள்தான் நான்.

சரிசெய்தது இப்படி. பத்துப் பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்து, "இது என்ன கேட்கிறது என்று உங்கள் பேச்சில் சொல்லுங்கள்" என்றேன். விடை எனக்கு வேண்டாம், புரிந்துகொண்ட விதம் மட்டும் போதும். அவர்கள் வாயிலிருந்தே "தன்னால கண்ணு அசந்துரும்" என்ற தொடர் வந்தது. "உங்களை அறியாமல் கண் அசந்துவிடுமா?" என்று மாற்றினேன். செய்யாத செயலாக இருந்தாலும், செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துச் சொல்லலாம் என்ற குறிப்பு மூலத்திலேயே இருக்கிறது. நான் அதைத் தாளின் தலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தேன், ஒருவரும் படிக்கவில்லை. அதை ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னபின் கார்க் கேள்விக்கும் விடை வந்தது. காரை மில் வேன் என்று மாற்ற எனக்கும் கை பரபரத்தது. மாற்றினால் அது வேறு அளவுகோல். மற்ற ஆய்வுகளின் மதிப்பெண்ணோடு வைத்துப் பார்க்க முடியாது.

படி 4: ஒப்புதல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளைப் படித்து, கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற பிறகே மில் வாசலை மிதியுங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. நான் கேண்டீன் பின்புறம் ஒரு மேசை கேட்டு வாங்கினேன். அங்கே வந்தபின் நான்கு பேர் "வேண்டாமுங்க" என்று எழுந்து போனார்கள். அப்படிப் போக முடிந்ததுதான் ஒப்புதல் சரியாக நடந்ததற்குச் சான்று.

படி 5: நடத்தையை அளத்தல்

கவன விழிப்புச் சோதனை பத்து நிமிடம். திரையில் குறி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். அரை வினாடிக்கு மேல் தாமதித்தால் ஒரு தவறல். 1985இல் டிங்கஸும் பவலும் உருவாக்கியது. இத்தகைய சோதனைகளை நடத்த உதவும் இலவச மென்பொருளான 'சைக்கோபை'யை மடிக்கணினியில் பயன்படுத்துங்கள். கைபேசியில் வேண்டவே வேண்டாம். தொடுதிரையின் தாமதம் மாடலுக்கு மாடல் மாறும். ஸ்பின்னிங் இரைச்சல் கேட்காத அறையைத் தேடிக்கொள்ளுங்கள்.

படி 6: கணக்கு

எதை எதோடு ஒப்பிடுவது, யாரை நீக்குவது என்பதைத் தரவு திரட்டும் முன்பே எழுதித் தேதியிட்டு வழிகாட்டியிடம் கொடுங்கள். முடிவைப் பார்த்தபின் ஒப்பீட்டை மாற்றினால், இல்லாத வேறுபாடும் இருப்பதுபோல் தெரியும். வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்து 2015இல் வெளியிட்டபோது, மூலத்தில் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க முடிவு காட்டியிருக்க, மறு ஆய்வில் 36 விழுக்காடே தேறியது. கணக்குப் போட, விலைகொடுத்து வாங்க வேண்டிய 'எஸ்பிஎஸ்எஸ்' மென்பொருளின் திருட்டு நகல் எதற்கு? 'ஜாஸ்ப்' இலவசம், அட்டவணையும் அழகு. தவறல் எண்ணிக்கை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்பதால் மதிப்புகளை வரிசைப்படுத்தி இரு குழுக்களை ஒப்பிடும் மான்-விட்னி சோதனை பொருந்தும். வேறுபாடு வந்தாலும் இரவு வேலைதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். ஷிப்டை நாம் குலுக்கிப் போட்டுத் தரவில்லை. பகலில் தோட்டம் பார்ப்பதற்காகவே முழு நைட் கேட்டு வாங்குபவர்கள் இங்கே உண்டு.

பின்சேர்க்கை 1: ஈரோட்டிலிருந்து விசைத்தறித் தொழிலாளர்களிடம் ஆய்வு செய்யும் ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார். வாசித்துக் காட்டுங்கள், ஆனால் ஒரே குரலில் பதிவு செய்து ஒலிக்க விடுங்கள். கணக்குப் போடும் குதிரை என்று பேர் வாங்கிய ஹான்ஸ், கேட்பவரின் தலையசைவைப் பார்த்தே குளம்பை நிறுத்தியது என்று 1907இல் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் காட்டினார். நம் முகமும் விடையைச் சொல்லிக் கொடுக்கும்.

பின்சேர்க்கை 2: அளவுகோலுக்குப் பதிப்புரிமை உண்டு என்று இன்னொருவர் நினைவூட்டினார். உரிமையாளருக்கு முதலில் எழுதி, தமிழ் வடிவம் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேளுங்கள். நான் தமிழாக்கி முடித்த பிறகு எழுதி, அனுமதிக்காக ஆறு வாரம் காத்திருந்தேன்.

பின்சேர்க்கை 3: ஜாஸ்பில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், எக்செலில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அதற்குமுன் தொழிலாளர் பெயர் இருக்கும் நெடுவரிசையை நீக்கி, எண் மட்டும் வையுங்கள்.