பழைய லயக் காம்பராவுல (தோட்டத்து வரிசை வீட்டு அறைல) குளிர அடைக்கிற வழி

நுவரெலியா பக்கம் ஜனவரி பெப்ரவரில தேயிலையே பனில கருகுது, இதுல ஓட்டை உள்ள வீட்டுக்கு ஹீட்டர் வாங்குனா கரண்ட் பில்லுதான் ஏறும், மொதல்ல காத்து வார எடத்த அடைங்க. காத்து அடிக்கிற நாள்ல ஊதுபத்திய கொளுத்தி கதவு, ஜன்னல், தகரமும் சுவரும் சேர்ற எடம்னு மெதுவா காட்டிக்கிட்டே போங்க, புகை எங்க ஆடுதோ அங்கதான் ஓட்டை. ஜன்னலுக்கு போம் டேப், கதவுக்கு அடில மணல் அடச்ச துணி உருளை போதும். சூடு மேலதான் ஏறும், சீலிங் அடிக்க காசு இல்லாட்டி கூரைக்கு கீழ அடுப்புக்கு எட்டாம படங்காவது (தார்ப்பாய்) கட்டுங்க. குசினில புகை போற வழிய மட்டும் அடைச்சிறாதீங்க. கரிச்சட்டிய உள்ள வச்சு கதவ சாத்திட்டு தூங்குற வேலையே வேணாம், கரி எரியிறப்ப வார காபன் மொனொக்சைட்டுங்கிற நச்சு வாயுவுக்கு வாசமே கிடையாது, தூக்கத்துலயே ஆள கொன்னுரும்.