வீடு கட்டி மிஞ்சின பைப்புல தூண்டில் ஸ்டாண்டு, ஒரே மதியத்துல செய்யலாம்

வீட்டு வேலை முடிஞ்சதும் மாடிப்படிக்குக் கீழ ஒரு குவியல் கிடக்கும் பாருங்க, துண்டு பிவிசி பைப்பு, வெட்டிப்போட்ட கம்பி, கட்டுக்கம்பின்னு. ஏரிக்கரையில தூண்டில் போடுறவங்க அதைத் தூக்கிப் போட்றாதீங்க. கவட்டைக் குச்சியில ராடை சாய்ச்சு வெச்சா ஒரு நல்ல கெண்டை இழுக்கிற இழுப்புல ரீலோட தண்ணிக்குள்ள போயிரும், என் ராடு ஒண்ணு அப்படித்தான் போச்சு.

ஒன்றரை இன்ச் பைப்பு ஒரு அடி, 10 எம்எம் கம்பி ரெண்டரை அடி, ரெண்டரை இன்ச் போல்ட்டு நட்டு ஒண்ணு, பழைய சைக்கிள் டியூப்பு, கொஞ்சம் கட்டுக்கம்பி, இவ்ளோதான் வேணும். மொதல்ல ராடோட அடிப்பிடியை பைப்புல விட்டுப் பாருங்க, லூசா இறங்கணும்.

பைப்பை நேரா அறுக்க, ஒரு பேப்பரைச் சுத்தி ஓரம் ஓரத்தோட சேர்ற மாதிரி பிடிச்சு கோடு போட்டுக்கிட்டு ஹாக்சா பிளேடால அறுங்க. அடுத்து ரீலோட கால் (ரீலை ராடோட சேர்க்கிற தண்டு) உட்கார ஒரு வெட்டு வேணும், இதுல அவசரப்படாதீங்க. மேல் வாயில இருந்து ஒன்றரை இன்ச் கீழ பக்கம் பக்கமா ரெண்டு ஓட்டை போட்டு, மேல இருந்து அந்த ஓட்டை வரைக்கும் ரெண்டு கோடா அறுத்து, நடுத்துண்டை ஆட்டி ஒடிச்சு எடுங்க. ஓட்டை எதுக்குன்னா, கூரா மூலை இருந்தா பைப்பு அங்கதான் விரிசல் விடும், வளைவா இருந்தா தாங்கும். ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருங்க.

அடியில குறுக்கால போல்ட்டைப் போட்டா ராடு கீழ நழுவாது, மழைத் தண்ணியும் தேங்காது.

வெட்டுக்கு எதிர்ப்பக்கம் கம்பியை வெச்சு, நடுவுல டியூப்பு கொடுத்து, கட்டுக்கம்பியை ரெட்டையா மடிச்சு மூணு இடத்துல குறடால முறுக்குங்க. கம்பித் தலை ரெண்டு விரக்கடை மேல நீட்டிக்கிட்டு இருக்கட்டும், தரையில இறக்கும்போது சுத்தியல் அடி அதுமேல மட்டும்தான் விழணும். அடிச்சு முடிச்சதும் அந்தத் தலைக்கு டியூப்பு மாட்டிருங்க, கண்ணுல கன்னத்துல குத்தாது.

பைப்பை நெருப்புல காட்டி வளைக்காதீங்க, அந்தப் புகை ரொம்பக் கெட்டது. குவியல்ல உடைஞ்ச ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு கிடந்தா அதை அறுக்கவே கூடாது, தூசி நுரையீரலுக்குள்ள போயிரும்.

கரையில ஒரு அடி ஆழம் இறக்குங்க, சேறா இருந்தா இன்னும் கொஞ்சம். வெட்டு தண்ணிப் பக்கம் பாக்கணும், ராடை வெச்சதும் டிராகை, அதாவது மீன் இழுத்தா ரீல் நரம்பை விடுற இறுக்கத்தை, கொஞ்சம் லூசா விட்டுருங்க.