அடை வைப்பது முதல் குஞ்சு பிரிவது வரை

நேற்றுவரை மேய்ந்து திரிந்த பெட்டைக்கோழி இன்று முட்டைப் பெட்டியை விட்டு எழவே மாட்டேன் என்கிறது, கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொர்ரென்று உறுமுகிறது. நோய் என்று பயந்துவிடாதீர்கள், அடைக்கு வந்திருக்கிறது, அதாவது முட்டைமேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்கத் தயாராகிவிட்டது. ஆனால் உடனே முட்டையை வைத்துவிடவும் வேண்டாம். சில பெட்டைகள் பகலெல்லாம் உட்கார்ந்துவிட்டு, இருட்டியதும் மற்ற கோழிகளோடு போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று இரவு தொடர்ந்து பெட்டியிலேயே தங்குகிறதா என்று பாருங்கள். அடிவயிற்றைத் தொட்டால் இறகு உதிர்ந்து வெறும் தோல் சூடாகக் கையில் பட்டால் நம்பி வைக்கலாம்.

சேவல் மிதிக்காத முட்டையில் குஞ்சு வராது, இது தெரிந்ததுதான். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவல் அதிகமானால் சண்டை ஒருபுறம், பெட்டைகளின் முதுகு மொட்டையாவது மறுபுறம். இன்னொன்று: ஒருமுறை இணைந்தாலே பெட்டை இரண்டு வாரம்வரை கருப்பிடித்த முட்டை இடும். எனவே சேவலை மாற்றினால் மூன்று வாரம் பொறுத்து முட்டை சேருங்கள், இல்லாவிட்டால் பழைய சேவலின் குஞ்சுதான் வந்து நிற்கும்.

அடைக்கு எடுக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாக வேண்டாம். கூர்முனை கீழே இருக்கும்படி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கழுவக்கூடாது, அழுக்கான முட்டையை ஒதுக்கிவிடுவதே மேல். எத்தனை வைக்கலாம் என்றால், கோழி விரித்து உட்காரும்போது ஒரு முட்டைகூட வெளியே தெரியக்கூடாது. நடுத்தரக் கோழிக்குப் பத்து போதும்.

இப்போது சொல்லப்போவதில்தான் நான் முதல்முறை கோட்டைவிட்டேன். பொதுப் பெட்டியிலேயே அடை வைத்துவிட்டேன், மற்ற பெட்டைகளும் அதிலேயே வந்து முட்டையிட்டுப் போயின. குஞ்சு பொரியவேண்டிய 21ஆம் நாள் பார்த்தால் பதினேழு முட்டை! நான்கு குஞ்சு பொரிந்ததும் தாய் இரண்டே நாளில் அவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டது, மீதியில் பாதி வளர்ந்த கரு எல்லாம் குளிர்ந்து செத்தது. ஆகவே எல்லா முட்டையையும் ஒரே நாளில் வையுங்கள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள், கோடில்லாத முட்டை கண்ணில் பட்டால் அன்றே எடுத்துவிடுங்கள். அதைவிட நல்லது, கோழியை இருட்டிய பிறகு தனி இடத்துக்கு மாற்றிவிடுவது. பெட்டி தரையோடு இருக்கட்டும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள், ஆனால் ஆழமான பெட்டிக்குள் மேலிருந்து குதித்தால் முட்டை நிச்சயம் உடையும்.

அதன்பிறகு உங்களுக்கு வேலை குறைவு. தினம் ஒருமுறை இறங்கி இரை தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, நாற்றம் தாங்கமுடியாத அளவில் பெரிதாக ஓர் எச்சமும் போட்டுவிட்டுக் கால் மணி, இருபது நிமிடத்தில் திரும்பிவிடும். இறங்கவே இல்லையென்றால் நீங்களே தூக்கி வெளியே விடுங்கள், தூக்குமுன் சிறகிடுக்கில் முட்டை சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்தால், கரு பிடித்ததில் சிலந்தி கால்பரப்பியதுபோலச் சிவப்பு நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாமல் வெளுப்பாக இருப்பதில் கரு இல்லை. 14ஆம் நாளும் அப்படியே இருந்தால் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அழுகி வெடித்து மற்றதையும் கெடுக்கும். கடைசி மூன்று நாள் கையே வைக்காதீர்கள்.

ஓட்டில் முதல் ஓட்டை விழுந்ததிலிருந்து குஞ்சு வெளிவர ஒருநாள்கூட ஆகும். பொறுமையில்லாமல் நான் ஒரு முட்டையின் ஓட்டைக் கிள்ளிக் கொடுத்தேன். உள்தோலில் பொட்டுப்பொட்டாக ரத்தம் அரும்பியது, குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் உள்ளே இழுபடாமல் தொங்கியது. மாலைக்குள் செத்துவிட்டது. அந்த மஞ்சள் கருதான் பொரித்த குஞ்சுக்கு இரண்டு நாள் உணவு, முதல் நாள் அது தின்னவில்லையே என்று பதறவும் வேண்டியதில்லை.

தண்ணீரைத் தட்டையான தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து மூழ்கும். குஞ்சுத் தீவனம்தான் கொடுக்கவேண்டும், முட்டைக்கோழித் தீவனத்தில் உள்ள அதிகச் சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். தாயும் அதையே தின்னட்டும். படுக்கை ஈரமானால் உடனே மாற்றுங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள்.

சேவல் குஞ்சைக் கொன்றுவிடுமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது கண்டுகொள்ளாது, கொத்துவது மற்ற பெட்டைகள்தான். ஒரு வாரம் கம்பிவலைக்கு இந்தப்பக்கம் தாயும் குஞ்சும், அந்தப்பக்கம் மற்றவை என்று விடுங்கள், அப்புறம் தாயே பார்த்துக்கொள்ளும்.

வெளியிலிருந்து வாங்கிய குஞ்சையும் அடைக்கோழியிடம் சேர்க்கலாம். குஞ்சு பிறந்து ஓரிரு நாளே ஆகியிருக்கவேண்டும், கோழியும் இரண்டு வாரமாவது உட்கார்ந்திருந்தால் நல்லது. நல்ல இருட்டில் ஒவ்வொன்றாக அடியில் நுழைத்துவிட்டு விடியுமுன் போய்ப் பாருங்கள். கொத்தி விரட்டினால் பிடிவாதம் பிடிக்காமல் எடுத்து பல்புச் சூட்டுக்கு மாற்றிவிடுங்கள். முதல் வாரம் பல்புக்கடியில் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரம் மூன்று டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சே நன்றாகச் சொல்லும்: பல்புக்கடியில் ஒட்டிக்கொண்டு கத்தினால் குளிர், விலகி ஓரத்தில் வாயைப் பிளந்தால் சூடு.

ஆறேழு வாரத்தில் தாயே குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கி மறுபடி முட்டைக்கு வரும். அந்தச் சமயத்தில் கொண்டை சீக்கிரம் பெருத்துச் சிவப்பது பெரும்பாலும் சேவல் குஞ்சு. எது தங்கவேண்டும், எது போகவேண்டும் என்பதை அவை கூவத் தொடங்குமுன் முடிவுசெய்துவிடுங்கள், அப்புறம் பெரிய சேவலோடு தினமும் ரத்தக்களறிதான்.